மேகம் வந்தால் கூட்டம்

அவர் எங்கள் சங்கத்துக்குள் முதன்முதலாக நுழைந்தது சண்டை போடுவதற்காக.

நகரப் பேருந்து டிப்போவில் இருபத்தேழு வருடமாக அவருக்கு ஒரே வேலை. எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பி, எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எழுதுவது. டிப்போவில் அவரை 'டைம்டேபிள்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எழுதிய நேரத்துக்கு எந்த பஸ்ஸும் வந்ததாகச் சரித்திரம் கிடையாது. அதில் தன் குற்றம் ஏதுமில்லை என்று அவருக்குத் தெரியும். நிறுத்தத்தில் கால் கடுக்க நிற்கிறவர்களுக்குத் தெரியாதே.

அப்படிப்பட்டவருடைய பன்னிரண்டாம் எண் பஸ்ஸில் எங்கள் ஆட்கள் ஒரு சுவரொட்டியை ஒட்டிவிட்டார்கள். 'வியாழன்தோறும் வியாழன்! தொலைநோக்கியில் காண வாரீர்! வானியல் ஆர்வலர் சங்கம்.' பஸ்ஸில் எவ்வளவோ இடம் இருக்க, முன்கண்ணாடியில், வழித்தட எண்ணுக்கு நேர் மேலே. இரண்டு நாள் அந்த பஸ் வியாழனுக்குப் போகிறது என்று ஊரே சிரித்தது. டைம்டேபிள் அதை நகத்தால் சுரண்டி எடுத்து, நாலாக மடித்து, பையில் போட்டுக்கொண்டு, வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு எங்கள் அறைக்கு வந்தார்.

எங்கள் அறை ஒரு பல் மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் இருந்தது. பல் மருத்துவர்தான் சங்கத் தலைவர். அன்று பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். கூட்டம் செல்லுபடியாகப் பதினாறு பேர் வேண்டும். கதவில் ஒரு முகம் தெரிந்ததும் செயலாளர் எழுந்து ஓடினார். தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வுக்குப் பிறகு பாதுகாக்க எங்களை விட்டால் ஆள் இல்லை.

"வாங்க வாங்க, உட்காருங்க. கூட்டம் ஆரம்பிக்கலாம்."

"நான் கூட்டத்துக்கு வரல சார். இந்த நோட்டீஸ் யாரு ஒட்டினது?"

"எல்லாம் பேசலாம். முதல்ல இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டார். உறுப்பினர் பதிவேடு அது. புகாரை எப்போது சொல்வது என்று அவர் காத்துக்கொண்டிருக்கும்போதே, என்ன வேலை செய்கிறீர்கள் என்று தலைவர் கேட்டார். சொன்னார். தலைவர் முகம் மலர்ந்தது.

"அட, திட்டமிடுறதே உங்க தொழிலா! இத்தனை நாள் எங்க இருந்தீங்க?"

அன்றே அவரை ஐந்தாண்டுத் திட்டக் குழுவில் சேர்த்துவிட்டோம். நானும் கை தூக்கினேன். சுவரொட்டி கடைசிவரை பையிலேயே இருந்தது.

ஐந்தாண்டுத் திட்டம் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். சங்கத்தில் உறுப்பினர் குறைகிறார்கள் என்று தலைவருக்குக் கவலை. அவருடைய மைத்துனர் ஒரு மெத்தைக் கம்பெனிக்குப் பத்தாண்டுத் திட்டம் போட்டுக் கொடுத்தவர். நாங்கள் அவரை மெத்தைக்காரர் என்போம். நல்ல மனிதர், எதைக் கேட்டாலும் வண்ணக் காகிதம் கொடுப்பார். மஞ்சளில் பலம், நீலத்தில் பலவீனம், பச்சையில் வாய்ப்பு, சிவப்பில் ஆபத்து. எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். முதல் நாளே பச்சையில் பதினோரு பேர் 'வானம்' என்று எழுதினார்கள். சிவப்பில் ஒன்பது பேர் 'வானம்' என்று எழுதினார்கள். மெத்தைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "ரொம்ப ஆழமா போயிட்டிருக்கோம்" என்றார்.

பிறகு சங்கத்தின் தொலைநோக்கை ஒரே வரியில் எழுத வேண்டும் என்றார். 'வானத்தை மக்களிடம் கொண்டு சேர்ப்பது' என்று செயலாளர் எழுதினார். வானத்தைக் கொண்டுவர முடியாது, மக்களைத்தான் வானத்திடம் கொண்டுசேர்க்க வேண்டும் என்று தலைவர் திருத்தினார். இது மூன்று வாரம் ஓடியது. கடைசியில் எங்கள் உறுப்பினரான நர்ஸம்மா வாயைத் திறந்தார்.

"மக்களை வானத்துக்கு அனுப்புறதுக்கு எங்க ஆஸ்பத்திரியில தனி சர்டிபிகேட்டே இருக்குங்க."

அந்த வரியை அத்தோடு கைவிட்டோம்.

டைம்டேபிள் இதையெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு உண்மையாகவே மரியாதை வந்திருந்தது. தான் எழுதும் அட்டவணையை ஒருவரும் படிப்பதில்லை. இங்கே ஒரு வாக்கியத்துக்குப் பதினாறு பேர் மூன்று வாரம் அடித்துக்கொள்கிறார்கள். வீட்டில் மனைவியிடம் பெருமையாகச் சொல்வாராம். அந்த அம்மா திரைச்சீலைக் கடைக்காக வீடு வீடாகப் போய் ஜன்னல் அளவெடுப்பவர். ஒருநாள் டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டிருக்கிறார்.

"எல்லாம் சரிங்க. அந்த வியாழன் எப்படி இருக்கு?"

"எந்த வியாழன்?"

"நீங்க பாக்கத்தானே போறீங்க?"

அவர் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாராம். சேர்ந்து பத்து மாதம் ஆகியிருந்தது.

அடுத்த வியாழன் அவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, அறை மூலையிலிருந்த இரும்பு அலமாரியைத் திறக்கச் சொன்னார். தொலைநோக்கி உள்ளேதான் இருந்தது, ஒரு பழைய போர்வைக்குள். கூடவே அதன் விளக்கப் புத்தகம். எந்தப் புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பது அவர் வழக்கம். உட்கார்ந்து படித்தார். ஒன்பதாம் பக்கத்துப் படத்தில் இருந்த ஒரு சின்னக் கறுப்புக் குழல் மட்டும் கிடைக்கவில்லை. கண்ணை வைத்துப் பார்க்கிற வில்லை அதில்தான் இருக்கிறது. அது இல்லாமல் தொலைநோக்கி வெறும் தகர உருளை. அலமாரியைக் கவிழ்த்துத் தேடினோம். செயலாளர் கீழே போய்ப் பல் மருத்துவமனையிலும் தேடினார்.

நர்ஸம்மாதான் கண்டுபிடித்தார். மேஜை மேல், மின்விசிறிக் காற்றில் வண்ணக் காகிதங்கள் பறக்காமலிருக்க மெத்தைக்காரர் வாராவாரம் எடுத்து வைக்கும் கறுப்புக் கட்டை அதுதான்.

"கனமா, கைக்கு அடக்கமா இருந்துச்சு. நான் ஏதோ பேப்பர் வெயிட்டுன்னு..." என்றார் மெத்தைக்காரர்.

"சங்கத்தோட உபகரணம் சும்மா கிடக்கலன்னு அறிக்கையில எழுதிக்கலாம்" என்றார் செயலாளர். கேலி இல்லை, எழுதியேவிட்டார்.

அன்று டைம்டேபிள் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மழை வந்தால் பஸ் தாமதமாகும் என்பதால், டிப்போவில் தினமும் மாலை வானம் எப்படி இருந்தது என்று ஒரு பதிவேடு எழுதுவார்கள். அதையும் எங்கள் கூட்டத் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் ஓர் அட்டவணை போட்டிருந்தார். எழுந்து நின்று படித்தார்.

"இந்த வருஷம் நாப்பத்தோரு கூட்டம் போட்டிருக்கோம். அதுல முப்பத்திமூணு நாள் வானம் சுத்தமா இருந்திருக்கு. எட்டு நாள் மேகம். தொலைநோக்கியை வெளியே எடுத்த நாள் பூஜ்யம்."

மேஜையில் இப்போது கறுப்புக் கட்டை இல்லை. காகிதங்கள் பறந்தன, யாரும் பிடிக்கவில்லை.

"அதனால என் யோசனை என்னன்னா, மேகம் வந்தா மட்டும் கூட்டம் போடலாம். வானம் தெளிவா இருந்தா மொட்டை மாடி."

இவ்வளவு எளிமையான யோசனை எங்கள் சங்கத்தில் அதுவரை வந்ததில்லை. எதிர்க்க யாருக்கும் வழி தெரியவில்லை. தீர்மானம் நிறைவேறியது. பிறகு செயலாளர் சுதாரித்துக்கொண்டார். எவ்வளவு மேகம் இருந்தால் மேகம்? பஞ்சு போல நாலு திட்டு மிதந்தால் கூட்டமா, மாடியா? இதை முடிவு செய்ய மூவர் குழு அமைத்தோம். குழு மூன்று வியாழன் மொட்டை மாடியில் கூடி, நட்சத்திரங்களுக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்து, மேகத்தை விவாதித்தது. நாலாவது வாரம் தலைவர் பொறுமையிழந்து, இனி டைம்டேபிள் சொல்வதே முடிவு என்றார்.

ஆக, ஒரு சாதாரண டிப்போ ஊழியர் கையில் வானம் வந்து சேர்ந்தது. வியாழன் மாலை ஐந்தரைக்கு டிப்போ மாடிக்கு ஏறி, நாலு திசையும் பார்த்து, எல்லோருக்கும் ஒரு வரி அனுப்புவார். 'கூட்டம்' அல்லது 'மாடி'.

அந்த வருடம் பார்த்துத் தொடர்ந்து ஒன்பது வியாழன் மேகமே இல்லை. செயலாளர் நொந்துபோனார். வாராவாரம் போன் செய்வார்.

"சார், தெற்கால ஒண்ணு தெரியுதே?"

"அது சிமெண்ட் ஆலைப் புகை சார்."

"புகையும் மறைக்கத்தானே செய்யுது? கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க. நம்ம திட்டத்துல மூணாவது அத்தியாயம் அப்படியே நிக்குது."

டைம்டேபிள் அசையவில்லை. முதல் வாரம் மாடிக்கு நாலு பேர்தான் வந்தோம். நிலவைத் தேடிப் பக்கத்துத் தெருத் தண்ணீர்த் தொட்டியைக் கண்டுபிடித்தோம். ஆறாவது வாரம் பதினொரு பேர். அதற்குள் அவர் வருடாந்தர வானியல் கையேடு ஒன்று வாங்கியிருந்தார். வியாழனின் நிலவுகள் எந்த நாள், எத்தனை மணிக்கு அதன் நிழலுக்குள் போகும், எத்தனை மணிக்கு வெளியே வரும் என்று அதில் பக்கம் பக்கமாக அட்டவணை. அதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"இந்த மாதிரி நானே எவ்வளவு எழுதியிருக்கேன்! வர்ற நேரம்னு ஒண்ணு போடுவோம். யாரு வந்து கேக்கப்போறான்?"

எங்கள் ஆட்கள் 'ஐயோ' என்று உச்சரிக்கும் ஒரு நிலவு அன்று ஏழு நாற்பத்திரண்டுக்கு நிழலிலிருந்து வெளியே வரும் என்று போட்டிருந்தது. டைம்டேபிள் கண்ணை வைத்தார். நர்ஸம்மா நாடி பிடிக்கும் பழக்கத்தில் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நேரம் சொன்னார். "நாப்பது... நாப்பத்தொண்ணு... நாப்பத்தொண்ணரை..."

"ஒண்ணும் காணோம். எனக்குத் தெரியும்" என்றார் டைம்டேபிள்.

"நாப்பத்திரண்டு."

நாங்கள் காத்திருந்தோம். அவர் தோள் மட்டும் மெல்ல இறங்கியது.

"வந்துடுச்சு," என்றார். "ஒண்ணுமே இல்லாத இடத்துல, ஊசி முனையாட்டம். வந்துடுச்சும்மா."

கண்ணை எடுத்துவிட்டு, அடுத்த ஆளுக்கு இடம் விட்டு, மாடிக் கைப்பிடிச் சுவரில் போய்ச் சாய்ந்துகொண்டார். நர்ஸம்மா கிட்டே போனார்.

"என்ன சார், அழறீங்களா?"

"இருபத்தேழு வருஷம்மா. போட்ட டைமுக்கு ஒண்ணு வந்து இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"அதுக்கு டிரைவர் இல்ல, டிராபிக் இல்ல, வந்துட்டுப் போகுது" என்று தலைவர் தேற்றினார்.

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும், "அதுக்குப் பேரே ஐயோவா?" என்று மனைவி கேட்டாராம். அடுத்த வாரம் அந்த அம்மாவும் மாடிக்கு வந்தார். வெளிச்சம் அடிக்கிற எதிர்வீட்டு ஜன்னலுக்குத் தன் கடையிலிருந்து ஒரு தடித்த திரையை மாட்டிக் கொடுத்து, மாடியை இருட்டாக்கியவர் அவர்தான். ஐந்தாண்டுத் திட்டத்தில் எந்த நிறக் காகிதத்திலும் அந்த யோசனை இல்லை.

பத்தாவது வியாழனும் 'மாடி' என்று வந்ததும் செயலாளர் பிரிந்துபோனார். அவரும் மெத்தைக்காரரும் இன்னும் ஐந்து பேரும் சேர்ந்து 'வானியல் திட்டப் பேரவை' தொடங்கினார்கள். பாகப்பிரிவினை சுமுகமாக நடந்தது. பலகை, வண்ணக் காகிதம், மூன்றாவது அத்தியாயம் எல்லாம் அவர்களுக்கு. தொலைநோக்கி எங்களுக்கு, அதை அவர்கள் கேட்கவே இல்லை. தலைவர் மட்டும் சில நாள் மைத்துனர் முகத்தில் விழிக்க முடியாமல் தவித்தார்.

போன மாதம் அந்தப் பேரவை, 'பொதுமக்களை ஈர்ப்பது எப்படி' என்று பேச டைம்டேபிளை அழைத்தது. போனார். செயலாளர் வாசலிலேயே கையைப் பிடித்து வரவேற்றார். பழைய பகை இரண்டு பேருக்குமே இல்லை. டைம்டேபிள் எழுந்து, "தொலைநோக்கியை வெளியே வைங்க. யாராவது வருவாங்க" என்றார். பிறகு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வணக்கம் சொல்லிவிட்டு வேகமாகப் படியிறங்கினார்.

'சிறப்பு விருந்தினர் மூன்று நிமிடத்தில் அவசரமாகக் கிளம்பினார்' என்று அன்றைய குறிப்பில் எழுதி, காரணத்தை ஆராய இருவரை நியமித்தார்கள். அவர்கள் அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போன் செய்தார்கள். மனைவி எடுத்தார்.

"அவரு மாடியில இருக்காருங்க. அன்னைக்கு வானம் நல்லா இருந்துச்சு, அதான் கிளம்பிட்டாரு. வேற ஒண்ணும் இல்ல."

பேரவை இந்த விளக்கத்தைப் பதிவு செய்துகொண்டது. ஆனால் திருப்தியில்லையாம். இன்னும் விசாரிக்கிறார்கள்.