பாறசாலையில் ஒரு தம்ளர் சிவப்புத் தண்ணீர்

களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளத்துப் பாறசாலையில் காரை நிறுத்துகிறேன். நெய்யாற்றின்கரைக் கல்லூரி ஒன்றில் இன்னும் சற்று நேரத்தில் நான் பேச வேண்டும். தலைப்பு, பிளாஸ்டிக் பாட்டில் இல்லாத வளாகம். எங்கள் பல்கலைக்கழகத்தில் பாட்டிலோடு வரும் மாணவர்களை வாசலிலேயே மறித்து உபதேசம் செய்பவன் என்ற புகழால் வந்த அழைப்பு.

டீக்கடை அக்கா கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைக்கிறார். இளஞ்சிவப்பாக, ஆவி பறக்கிறது. சாயமோ என்று தள்ளிவைத்துவிட்டு, "பாட்டில் தண்ணி இருக்கா?" என்கிறேன்.

"உண்டு சாரே. ஆனா இது பதிமுகப் பட்டை இட்டுக் கொதிக்க வச்ச வெள்ளமாக்கும். பயப்படண்டாம்."

"பரவாயில்லக்கா, பாட்டிலே கொடுங்க."

கொடுத்துவிட்டுச் சிரிக்கிறார். "நெய்யாற்றின்கரை காலேஜ்ல படிக்கிற எனக்க மவளுக்கு இந்த வெள்ளத்தத்தான் ஸ்டீல் குப்பியில நெறச்சு விட்டேன். இன்னைக்கு தமிழ்நாட்டுலருந்து ஒரு சார் வாறாராம். பிளாஸ்டிக்கக் கண்டா அவருக்கு ஆகவே ஆகாதாம்."

பாதி குடித்த பாட்டிலை அவசரமாக மூடுகிறேன். பிராயச்சித்தமாகச் சிவப்புத் தண்ணீரையும் ஊதி ஊதிக் குடித்துவிட்டு, பாதி பாட்டிலோடு காருக்கு ஓடுகிறேன். பின்சீட்டில் கூட்டத்துக்காகச் சுருட்டி வைத்திருக்கும் துணிப் பதாகைக்குள் அதைச் செருகி மறைக்கிறேன்.

மேடையில் மாணவிகள் இருவர் அந்தப் பதாகையை விரிக்கத் தொடங்கும்போதுதான் பாட்டில் நினைவுக்கு வருகிறது.