கிடங்கு மாமா

என் அக்கா வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கிடங்கு மாமா. புதுத்துணியை உடுத்தாமல் பீரோவில் அடுக்குகிறவர்களையாவது மன்னிக்கலாம். இவர் எந்த ஆப்பைக் கண்டாலும் அதன் இன்ஸ்டால் ஃபைலை இறக்கிப் போனில் அடுக்குவார். இன்ஸ்டால் மட்டும் செய்யமாட்டார். கல்யாணப் படங்களை அழித்துத்தான் டாக்ஸி ஆப்புக்கு இடம் பிடித்தார்.

“எதுக்கு மாமா இந்தக் குப்பை?” என்பேன்.

“ஒருநாள் நெட்டே இல்லாமப் போகும். அன்னிக்குத் தெரியும் என் அருமை.”

அவர் வாய் முகூர்த்தம் பலித்தது. போன வாரம் ஊர் முழுக்க நெட் போய்விட்டது. மாமாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சோபாவில் சம்மணமிட்டு டாக்ஸி ஆப், வானிலை ஆப், வங்கி ஆப் என்று வரிசையாக இன்ஸ்டால் செய்தார். திறந்த ஒவ்வொன்றும் நெட் இல்லை என்று கையை விரித்தது.

“இத்தனை சேர்த்ததுல ஒண்ணாவது வேலை செய்யுதா?” என்றாள் அக்கா.

மாமா அசரவில்லை. நெட் வேகத்தை அளக்கும் ஆப்பை இன்ஸ்டால் செய்து, போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“பூஜ்யம்னு காட்டுது பாரு. எவ்வளவு கரெக்டா வேலை செய்யுது.”