பேட்டரி தண்ணீரில் குளித்த ஹார்ட் டிஸ்க்

ஹார்ட் டிஸ்கின் அடியில் படிந்திருந்த வெள்ளைத் தூளை விரல்நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன். அந்த நொடியில்தான் யோசனை வந்தது. சர்வீஸ் வேலைக்கு வரும் தம்பி தங்கைகளே, நீங்கள் இதைச் செய்யாதீர்கள். நான் அப்போது வேறு வழியெல்லாம் தீர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

தூள் கரித்தது. ஊறுகாய்க்குப் போடுகிற அளவுக்குக் கரித்தது.

"அண்ணே, இது உப்பு. இதுக்குள்ள எப்படி வந்துச்சு?"

எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த ஏழுமலை அண்ணன், "அதுவா? நான்தாம்மா வெச்சேன்" என்றார், நல்ல காரியம் செய்தவர் போல.

ஏழுமலை அண்ணன் மரக்காணத்தில் கல்யாண வீடியோ எடுப்பவர். கேமரா வாங்குவதற்கு முன்னால் பதினெட்டு வருடம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். அன்று வியாழக்கிழமை காலை, ஆன் ஆகாத கம்ப்யூட்டரை டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வந்திருந்தார். அதற்கு முன்பே பாண்டியில் ஒரு கடையில் காட்டி, "டிஸ்க் செத்துப்போச்சு, புதுசு போட்டுக்குங்க" என்று கேட்டுவிட்டு வந்திருந்தார்.

அந்த டிஸ்கில் கோட்டக்குப்பத்து யூசுப் பாய் மகள் ஷமீமாவின் கல்யாணம் இருந்தது. வேறெங்கும் இல்லை. மெமரி கார்டை அழித்து அடுத்த வளைகாப்புக்குப் போட்டுவிட்டார் அண்ணன். யூசுப் பாய் துபாயில் டிரைவர். லீவு கிடைக்காமல் சொந்த மகள் கல்யாணத்துக்கே வரமுடியாதவர். அப்போது பத்து நாள் லீவில் வந்து, வீடியோவுக்காகக் காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஃப்ளைட். கம்ப்யூட்டர் போன விஷயத்தை அண்ணன் அவரிடம் சொல்லவே இல்லை. போன் வரும்போதெல்லாம், "எடிட்டிங் போவுது பாய், கலர் பாத்துனு இருக்கேன்" என்று சொல்லிச் சமாளித்தார்.

நான் முதலில் மதர்போர்டைப் பார்த்தேன். பவர் வரும் இடமெல்லாம் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. சரி, கம்ப்யூட்டர் ஆன் ஆகாவிட்டால் என்ன, ஃபைல் இருப்பது டிஸ்கில்தானே என்று டிஸ்கை மட்டும் கழற்றி, யூஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாக என் லேப்டாப்பில் மாட்டினேன். லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. டிஸ்கின் அடியில் ஒரு சின்னப் பச்சை போர்டு ஸ்க்ரூ போட்டுப் பொருத்தியிருக்கும். அதைக் கழற்றி, கான்டாக்ட் புள்ளிகளை ஐபிஏ என்று நாங்கள் சொல்லும் ஆல்கஹாலால் துடைத்தேன். இரண்டு முறை. வெள்ளை இழுபட்டதே தவிர போகவில்லை. அப்போதுதான் நாக்கில் வைத்துப் பார்த்தது.

"ஏண்ணே வெச்சீங்க?"

"கடல் காத்துல ஈரம்மா. ஒரு துணிப் பையில கல்லு உப்பு கட்டி கம்ப்யூட்டர் பொட்டிக்குள்ள மேல தொங்க உட்டேன். உப்பு ஈரத்த இழுக்கும்ல? உப்பப் பத்தி எனக்கே சொல்றியா நீ?"

"இழுக்கும்ணே. இழுத்த தண்ணி எங்க போவும்?"

அண்ணன் மேலே பார்த்தார். பிறகு மெதுவாகக் கீழே பார்த்தார்.

"ஐயோ" என்றார்.

எனக்கோ குதிக்கலாம் போலிருந்தது. உப்பு ஆல்கஹாலில் சரியாகக் கரையாது, தண்ணீரில் கரையும். பத்தாம் வகுப்பு கெமிஸ்ட்ரி! டிஸ்க் சாகவில்லை, போர்டு உப்புப் பிடித்துக் கிடக்கிறது, அவ்வளவுதான். குழாய்த் தண்ணீர் கூடாது, எங்கள் ஊர்த் தண்ணீரிலேயே உப்பு இருக்கிறது. எதிரே பேட்டரி கடைக்கு ஓடி, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வாங்கி வந்தேன்.

"ஏம்மா, தண்ணியா? கரன்ட்டு சாமான்ல தண்ணியா ஊத்தப்போற?"

"உப்பத் தொங்க உட்டவரு தண்ணிக்குப் பயப்படக் கூடாதுண்ணே."

போர்டை மட்டும்தான் நனைத்தேன். டிஸ்கின் உடம்பை ஒரு சொட்டுகூடத் தொடவிடவில்லை. அதன் மூடியைத் திறக்கவும் கூடாது, ஞாபகம் வையுங்கள். கிண்ணத்தில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரை மாற்றி மறுபடி தேய்த்தேன். கடைசியாக ஆல்கஹாலில் ஒரு அலசு, மிச்ச ஈரம் போவதற்கு. பிறகு கடை வாசலில் வெயிலில் வைத்தேன். காக்கா தூக்கிப்போய்விடும் என்று அண்ணன் கேமரா ஸ்டாண்டைக் கையில் பிடித்துக்கொண்டு காவல் இருந்தார். டீ குடிக்கக்கூட நகரவில்லை.

சாயங்காலம் கான்டாக்ட் புள்ளிகளைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, போர்டைத் திரும்ப மாட்டி, லேப்டாப்பில் செருகினேன். டிஸ்க் "விர்" என்று சுற்ற ஆரம்பித்தது. திரையில் ஒரு டிரைவ் எட்டிப் பார்த்தது. உள்ளே 'ஷமீமா நிக்காஹ்' என்ற ஃபோல்டர்.

அண்ணன் என் தலையில் கை வைத்து, "நீ நல்லா இருக்கணும் பாப்பா!" என்று கத்தியதில் பேட்டரி கடைக்காரர் வெளியே வந்துவிட்டார்.

கத்துவதற்கு நேரமில்லை. இப்படிப் பிழைத்த டிஸ்கில் எதையும் திறந்து பார்த்து ரசிக்கக் கூடாது, முதலில் காப்பி. இரண்டு வெளி டிஸ்கில் இரண்டு காப்பி எடுத்து முடிக்க மறுநாள் காலை ஆனது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் யூசுப் பாயே அண்ணனைத் தேடி, விசாரித்துக்கொண்டு என் கடைக்கு நேரில் வந்துவிட்டார். அண்ணன் வேறு வழியில்லாமல் உப்புப் பை கதையைச் சொன்னார். பாய் கோபப்படுவார் என்று நான் நினைத்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எம்மவ கல்யாணத்தயே கருவாடு போட்டுட்டியேப்பா!"

பிறகு என் மானிட்டர் முன்னால் உட்கார்ந்தார். "வீடியோ கால்ல பாத்தேன்மா. பாதி நேரம் வட்டம்தான் சுத்தினே இருந்துச்சு" என்றார். படம் ஓடியது. "இவனப் பாரு, எந்தம்பி! நான் அனுப்பின சட்டைய மாப்பிள்ளைக்குக் குடுக்காம இவனே போட்டுனு நிக்கிறான்!" என்று திரையை விரலால் குத்தினார்.

அடுத்து ஷமீமா வந்தாள். மேடையில் உட்கார்ந்திருந்தாள், கையில் போன். குடும்பத்தோடு போட்டோ எடுக்கும் நேரம். அவள் போனைத் திருப்பி, அம்மாவுக்கும் தனக்கும் நடுவே, நெஞ்சுக்கு நேராகக் கேமராவுக்குக் காட்டினாள். அந்தச் சின்னத் திரையில் ஒரு முகம், பாதிச் சிரிப்பில் அப்படியே உறைந்து நின்றது.

"யாரு அது?" என்று குனிந்து பார்த்தார் யூசுப் பாய். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "நானு! நான்தாம்மா அது! மாஷா அல்லா, நானும் கல்யாணத்துல இருக்கேன் பாரு!"

அந்த இடத்தை ஏழு முறை ஓட்டச் சொன்னார். ஏழு முறையும் நாங்கள் மூவரும் சிரித்தோம். மூன்றாவது முறைக்குப் பிறகு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நான் கற்றுக்கொண்டது இதுதான். செத்துவிட்டது என்று முடிவு கட்டும் முன், எது அதைக் கடித்தது என்று கேட்க வேண்டும். கடித்தது எதுவென்று தெரிந்தால் கழுவுவது எதனால் என்றும் தெரிந்துவிடும். எங்கள் கடற்கரையில் பாதி கம்ப்யூட்டர்களைக் கடிப்பது உப்புதான்.

அதனால் அண்ணனின் மதர்போர்டையும் விடவில்லை. ஒரு முழு போர்டைத் தொட்டியில் போட்டு நான் இதற்கு முன் குளிப்பாட்டியதில்லை. மூன்று கேன் பேட்டரி தண்ணீர் தீர்ந்தது. போர்டு மூன்று நாளாக மாடியில் வெயிலில் கிடக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்குப் பட்டனை அழுத்தப்போகிறேன். அண்ணனும் வருகிறார். கையில் எந்தப் பையும் கொண்டுவரக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.