சிவப்பு வெளிச்சத்தில் மறைந்த வரி

ஜெபத்துக்கு விரிக்கும் பாயின் ஈரவாடையும், மாதா படத்துக்கு மேலே எரியும் சிவப்பு "சீரோ பல்பு" வெளிச்சமும் சேர்ந்தால் இன்றும் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

சூரியநெல்லிக்குப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தோம். எட்டாம் வகுப்பு "பிராக்ரஸ் கார்டில்" மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் "குட்" என்று ஒரே சொல். எனக்கு மட்டும் சிவப்பு மையில் ஒரு முழு வரி. "ஸ்லோ லேர்னர், பிலோ ஆவரேஜ்" என்று டீச்சர் உரக்க வாசித்து, படிப்பில் மந்தம், சராசரிக்கும் கீழே என்று விளக்கமும் சொல்லித்தான் கொடுத்தார். கொழுந்து கிள்ளும் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. "எம் பிள்ளைக்குத்தாம்ட்டி நீளமா எழுதியிருக்காக" என்று லயம் முழுக்கச் சொல்லி, கார்டை மாதா படத்தருகே சாத்திவைத்து, என்னை மூணாறு ஹாஸ்டலில் சேர்ப்பதாக நேர்ந்துகொண்டார்.

அன்று சாயங்கால ஜெபத்தில் நிமிர்ந்து பார்த்தேன். நீல மை மார்க்குகள் கறுப்பாக நிற்க, கீழே அந்த வரி இல்லை. வெறும் தாள். காலையில் திரும்பி வந்திருந்தது. மாலையில் மறுபடி போயிற்று. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மை தெரியாது என்று இப்போது தெரியும்; அப்போதோ, மாதா அழிக்க அழிக்க எதுவோ வந்து திரும்ப எழுதிவிட்டுப் போகிறது என்றே பயந்தேன்.

நாலாம் நாள் ஜெபத்துக்கு வந்த எஸ்டேட் கிளார்க் மாமாவிடம், கீழே இருந்த வரியை வாசிக்கச் சொல்லி அம்மா கார்டை நீட்டினார்.

"எழுத்தே இல்லியே, தங்கச்சி."

அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். கிளார்க் மாமா வாசல் டியூப்லைட்டுக்குக் கார்டைக் கொண்டுபோய், வெகுநேரம் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்ல புத்தியுள்ள பிள்ளைன்னு போட்டிருக்கு."

அந்தப் பொய்தான் என்னைத் துரத்தியது. கார்டைக் காட்டாமல் ஹாஸ்டலில் சேர்க்க மாட்டார்கள். அங்கே யாராவது உள்ளதை வாசித்து அம்மாவிடம் சொல்லிவிட்டால்? படிப்பே வேண்டாம் என்று முரண்டு பிடித்து நின்றுவிட்டேன். "தலைக்கனம் பிடிச்ச கழுத" என்று அம்மா சாகும்வரை திட்டினார். மக்கு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

படித்தவர்களெல்லாம் மலையிறங்கிவிட, இன்று லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கார்டும் போயிற்று, சிவப்பு மையும் போயிற்று. பிள்ளைகளின் மார்க்கும் டீச்சர் எழுதுவதும் போனில் வருகிறது. போன வாரம் என் மகளுக்கு வந்ததில் "நீட்ஸ் சப்போர்ட்" என்று மட்டும் இருந்தது. போனை மறைக்கத்தான் கை முதலில் போனது. பிறகு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "பாடம் கஷ்டமா இருக்காம், சொல்லிக்குடுக்க ஒரு ஆளு வேணுமாம் மக்கா" என்று உள்ளபடி சொன்னேன்.

"யாரும்மா வருவா?" என்றாள்.

இரண்டு பேரும் வாசலைத் திரும்பிப் பார்த்தோம். பனிமூட்டத்தில் எதிர் லயம்கூடத் தெரியவில்லை.