ஆண்டாயி சொன்ன மூன்று

வலியை மறைக்கும் நோயாளிகளை ஆயுள் முழுக்கத் திட்டித் தீர்த்தவர், ஆஸ்பத்திரி ஆயாவாக இருந்த ஆண்டாயி. அரியலூரில் அவருக்கே முழங்கால் ஆபரேஷன் நடந்தது. வலியைப் பற்றி ஆய்வு செய்யும் மயக்க மருந்து டாக்டர், பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டார். ஆண்டாயி கெத்தாக "மூணு" என்றார். மருந்தும் மூன்றுக்குத் தக்கபடியே வந்தது.

மறுநாள் முழங்காலை மடக்கச் சொன்னார்கள். மடக்காவிட்டால் மூட்டு விறைத்துவிடும். ஆண்டாயி கட்டில் கம்பியைப் பிடித்துப் பல்லைக் கடித்தார்.

"மூணுக்கா இம்புட்டுக் கண்ணீரு?" என்றார் பக்கத்துக் கட்டில் ஹபீபா.

"தூசிம்மா."

"ரெண்டு கண்ணுலயுமாக்கா?"

இப்படியொரு நோயாளி தன் கையில் சிக்கியிருந்தால் என்ன பாடு பட்டிருப்பாள் என்று ஆண்டாயிக்கே தோன்றியது.

டாக்டர் வந்ததும் ஆண்டாயியே சொன்னார்: "ஒம்பது, டாக்டர். நேத்து சொன்னது வீராப்பு."

மருந்து ஏறியதும் கால் மடங்கியது.

"இப்ப எவ்வளவுக்கா?"

"மூணு. இது நெசமான மூணு."