உதடு பிந்திய பாட்டு

சின்னம்மாள் பெரியம்மா பொய் சொல்கிறாள் என்று எங்கள் ஊர் எப்போதோ முடிவு கட்டிவிட்டது. அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். பெரம்பலூர் குருநாதன் கச்சேரிக் குழுவில் பாடுவது தன் மகள் மணிமொழி என்றாள். ஆனால் அந்தக் குழுவின் வீடியோக்கள் எல்லோருடைய போனிலும் இருந்தன. அதில் மைக்கைப் பிடித்துப் பாடுவது வேறொரு பெண். ஜிகினா பாவாடையும் தோள் வரை தொங்கும் ஜிமிக்கியுமாக அவள் சுழன்றுகொண்டே பாடுவாள். பேர் சிந்து.

"ஒன் மவ பாடுறான்னு சொன்ன, அங்க வேற எவளோல்ல ஆடிக்கிட்டுப் பாடுறா" என்று ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி கேட்டாள். "பேரு மாத்தி வெச்சிருப்பா. மூஞ்சியும் மாத்திக்கிட்டா போல" என்று இன்னொருத்தி சொல்ல, வரிசையே சிரித்தது. பெரியம்மா பையை மடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் நானும் நின்றிருந்தேன். பக்கத்து வீடு என்பதால் எனக்கு அவள் பெரியம்மா, மணிமொழி எனக்கு அக்கா.

பெரியம்மா சொன்னது உண்மை. பாடியது அக்காதான்.

கல்லங்குறிச்சியைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் போகிற வழி. மக்காச்சோளத் தட்டையின் மேல்கூட வெள்ளைப் பொடி படிந்திருக்கும். அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டிய ராஜவேலுக்குத்தான் அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள். பன்னிரண்டாவது முடித்த கையோடு பெரம்பலூரில் குடித்தனம். ஒரு வளைகாப்பில் அவள் பாடியதைக் கேட்டுவிட்டு, குருநாதன் வீடு தேடி வந்து கூப்பிட்டார். ராஜவேல் மாமா தடை சொல்லவில்லை.

கொஞ்ச காலம் அவள் மேடையின் முன்னால் நின்றுதான் பாடினாள். பிறகு கீழுதட்டுக்குக் கீழே ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. அது கன்னத்தில் ஏறி, ஒரு கண்ணைச் சுற்றி நின்றது. ஒட்டுகிற நோயில்லை, உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்றார் டாக்டர். பவுடர் போட்டுப் பார்த்தார்கள். மேடை விளக்குச் சூட்டில் வேர்வையோடு பவுடரும் வழிந்தது. ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் தாய்மாமன் குருநாதனைத் தனியாகக் கூப்பிட்டு, மங்கள காரியத்தில் இந்த முகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் எல்இடி திரை எங்கள் பக்கத்துக் கச்சேரிகளுக்கு வந்தது. மேடையின் பின்பக்கம் முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கிற ராட்சச டிவி. பாடுகிறவரை கேமரா படம் பிடிக்க, அதே நேரத்தில் அவர் முகம் அதில் வீட்டுச் சுவர் உயரத்துக்குத் தெரியும். குருநாதன் ஆடத் தெரிந்த சிந்துவைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார். அக்காவுக்குத் திரைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் மைக்கும் கொடுத்தார். அங்கே இரும்புக் குழாய்களும் வயர்களும்தான் இருக்கும். திரையின் சூடு முதுகைச் சுடும். முன்னால் சிந்து கையில் பிடித்திருந்த மைக்கில் உயிர் கிடையாது. குரல் உன்னுது, முகம் அவளோடது, ரெண்டும் சேர்ந்தாத்தான் கச்சேரி என்பாராம் குருநாதன். அவர் கெட்டவர் இல்லை. அக்காவும் அவரைக் குறை சொன்னதில்லை. வேலை போகாமல் இருந்ததே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

சித்திரையில் எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு விழாக் குழு குருநாதனைப் பேசியது. செய்தி கேட்டதும் பெரியம்மா பஸ் ஏறிப் பெரம்பலூர் போனாள். "ஒரே ஒரு பாட்டு முன்னால வந்து நின்னு பாடிடு. என்னப் பொய்க்காரின்னு சொன்னவளுங்க எல்லாம் பாக்கணும்" என்று மகளிடம் கேட்டிருக்கிறாள். அக்கா குருநாதனிடம் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சொந்த ஊர்தானே, இரண்டு பாட்டு பாடிக்கோ என்றார்.

பத்து மணிக்குமேல் மைக் கூடாது என்பதால் பொழுது சாய்ந்ததுமே கச்சேரி தொடங்கிவிட்டது. பெண்கள் பக்கம் பெரியம்மா முன்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கத்தில். இந்த ஊர்ப் பெண் மணிமொழி என்று குருநாதன் மைக்கில் அறிவித்தார். அக்கா பச்சைப் பட்டில் வந்து நின்றாள். பவுடர் போடவில்லை. கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. அவள் அம்மன் பாட்டை எடுத்தாள்.

அவள் நன்றாகப் பாடினாள். கண்ணை மூடிக் கேட்டிருந்தால் அவ்வளவுதான் சொல்லியிருப்பேன். ஆனால் யாரும் கண்ணை மூடவில்லை. யாரும் அவளைப் பார்க்கவும் இல்லை. அவளுக்குப் பின்னால் வீட்டுச் சுவர் உயரத்துக்குத் தெரிந்த அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள். அந்த முகத்தில் ஏதோ சரியில்லை. "தாயே" என்ற சொல் காதில் விழுந்த பிறகு, திரையில் அவள் வாய் "தாயே" என்று திறந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் அப்படியே. உதடு குரலைத் துரத்திக்கொண்டு ஓடியது.

"டேப்பு போட்டுட்டாங்கடா" என்றது ஆண்கள் பக்கம் ஒரு குரல். "வாயசைக்கக்கூட ஒழுங்கா வரலியே, ஒத்திகை பாக்கலியாம்மா" என்றது இன்னொன்று. சிரிப்பு பின்வரிசை வரை போனது. எங்களுக்குப் பின்னால் இருந்தவள் பெரியம்மாவின் தோளைத் தொட்டு, "விடு சின்னம்மா, மேடையேறினதே பெருசு" என்றாள். பெரியம்மா திரையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

கேமராவிலிருந்து படம் திரைக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். கண் சிமிட்டும் நேரம்தான், ஆனால் வாய் பிந்துவது தெரிந்துவிடும். திரையை இயக்கும் ராஜேஷுக்கு அது தெரியும். சிந்துவுக்கும் தெரியும். அதனால் அவள் எப்போதும் குரலுக்கு ஒரு மயிரிழை முன்னால் வாயசைப்பாள். தெரிந்த பாட்டு, தெரிந்த தாளம் என்பதால் அடுத்த சொல் எங்கே விழும் என்று அவளுக்கு அத்துப்படி. திரையில் அது பிசகாமல் ஒட்டும். பின்னால் இருக்கும் அக்கா பார்க்கிற சின்ன டிவியிலும் எல்லாம் ஒட்டித்தான் தெரியும். நிஜமாகப் பாடுகிறவள் அந்தத் திரைக்கு முன்னால் நின்றால் என்ன ஆகும் என்று அவர்கள் யாரும் யோசித்ததே இல்லை. குழுவில் பாடுகிறவள் அக்கா ஒருத்திதான், அது வரைக்கும் அவள் அப்படி நின்றதில்லை. ஒலியைவிட ஒளி வேகமானது என்று எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம், அதுவும் இயற்பியல். அன்று ஒளி பிந்தி வந்ததைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கூட்டம் சொன்னதை நானும் ஒரு கணம் நம்பினேனோ என்று இன்றும் சந்தேகமாக இருக்கிறது.

பாட்டு முடிவதற்குள் குருநாதன் சைகை காட்ட, ராஜேஷ் முகத்தை எடுத்துவிட்டு அருவிப் படத்தைப் போட்டான். அது இன்னும் மோசமாகப் போயிற்று. மாட்டிக்கிட்டதும் மறைக்கிறாங்க, முகத்தைக் காட்டு என்று கத்தினார்கள். திரையையே அணைத்துவிடலாமா என்று குருநாதன் மேடையோரம் குனிந்து விழாக் குழுத் தலைவர் பழனிவேலிடம் கேட்டார். அதெல்லாம் கூடாது என்றார் பழனிவேல். திரை சிங்கப்பூரில் இருக்கும் ராஜராஜன் குடும்பத்தின் உபயம். திரையின் நான்கு மூலையிலும் அவர்கள் பேர் ஓடுகிறது. அங்கே உட்கார்ந்து போனில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உபயத்தை அணைத்தால் அடுத்த வருஷம் ஊருக்கு எந்த முகத்தோடு கேட்பது.

குருநாதன் அக்காவிடம் வந்து ஏதோ பேசினார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். மறுபடி பேசினார். அவள் பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். அக்கா மைக்கைக் குருநாதனிடம் கொடுத்துவிட்டு, அவர் நீட்டிய வேறொரு மைக்கை வாங்கிக்கொண்டாள்.

தொண்டை கட்டும் நாளுக்கென்று எல்லாப் பாட்டையும் முன்கூட்டியே பாடிப் பதிவு செய்து வைத்திருப்பது அவர்கள் வழக்கம். இரண்டாவது பாட்டுக்குக் குருநாதன் அதைத்தான் போட்டார். சிந்து மேடையிலிருந்து இறங்கி, கூட்டத்துக்கு முதுகு காட்டி, அக்காவுக்கு எதிரே வந்து நின்றாள். அவள் செய்தி சொல்ல வந்தவள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் பாட்டுக்கு முந்தி வாயசைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை காலம் அக்காவின் குரலைப் பார்த்து அவள் உதடு போனது. இப்போது அவள் உதட்டைப் பார்த்து அக்காவின் உதடு போனது.

திரையில் அருவி போய் முகம் வந்தது. வாயும் பாட்டும் ஒட்டின.

கூட்டம் அடங்கியது. இரண்டாவது சரணத்தில் விசில் வந்தது. "இப்பத்தான் நெசமாப் பாடுறா" என்றாள் பின்னாலிருந்தவள். "பயந்துபோய் முதல்ல டேப்ப போட்டுட்டாங்க போல. கொரலப் பாரேன், நம்ம சின்னம்மா மவ." பழனிவேல் மேடையேறிப் பொன்னாடை போர்த்தினார். பெரியம்மா எழுந்து நின்று அழுதாள். அழுதுகொண்டே என் கையைப் பிடித்து அழுத்தியதில் என் வளையல் உடைந்தது.

மறுநாள் காலை பெரியம்மா வீட்டு வாசல் நிறையப் பெண்கள். ஒரு பாட்டுப் பாடேன் மணி என்று கேட்டார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு அக்கா துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். பெரம்பலூரில் தேர்வுப் பயிற்சி வகுப்புக்குப் போக நானும் கிளம்பினேன். அரியலூரில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகுதான் அவள் நடந்ததைச் சொன்னாள். நான் மேலே எழுதியதில் பாதி அவள் சொன்னதுதான். அதிகம் பேசவில்லை. பஸ் குன்னம் தாண்டியபோது கேட்டாள்.

"எங்கம்மாகிட்ட சொல்லிடவா?"

"சொன்னா என்னக்கா ஆவும்?"

"பொய்க்காரின்னு பேரு போயி ஒரு நாள்தானே ஆவுது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் சொல்லவில்லை. மறுபடி திரைக்குப் பின்னால்தான் பாடுகிறாள். பதிவைப் போட்டுவிட்டு இனி நீயே முன்னால் நிற்கலாம் என்று குருநாதன் சொல்லிப் பார்த்திருக்கிறார். வேண்டாம் என்றுவிட்டாள். ஊருக்கு வருவது குறைந்துவிட்டது. பெரியம்மா கேட்டால் கச்சேரி இருக்கு என்பாளாம்.

போன வாரம் பெரியம்மா போனோடு என்னிடம் வந்தாள். ஊர்ப் பையன்கள் திரையைப் பார்த்து எடுத்த வீடியோக்கள் அதில் இரண்டு இருந்தன, பாட்டுக்கு ஒன்றாக. முதல் பாட்டை அழித்துக் கொடுக்கச் சொன்னாள்.

"அதுல வாயும் பாட்டும் ஒட்டல கண்ணு. யாராச்சும் பாத்தா தப்பா நெனைப்பாங்க."

அவளிடம் என்ன சொல்வது என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அக்கா சொல்லாததை நான் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. உரிமையா பயமா என்றும் தோன்றியது. உறுதியாக அழிக்கவா என்று போன் கேட்டது. அழுத்தினேன். பெரியம்மா போனை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, மிச்சமிருந்த பாட்டை ஓடவிட்டாள்.