கதவுல போட்டிருக்கு பாரு

அந்தப் பேரித் தோட்டக்காரர் பல் விளக்குவதற்கு முன்பே கொட்டகைக் கதவைத் துடைத்துவிடுவார். தன் பேரிக்காய் மரங்கள் பூத்த தேதியை முப்பத்தொரு வருடமாக அதில் பச்சை பெயின்டில் எழுதி வருகிறார். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கதவு’. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

பூ மலர்ந்திருக்கும் அந்தப் பத்து நாளுக்குள் தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும். அதனால் கதவைப் பார்த்து, வண்டிக்காரரிடம் தேனீப் பெட்டிகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவார். இந்த வருடமும் அப்படித்தான், கதவில் அதிகம் தென்படும் ஏப்ரல் பதினைந்துக்கு.

ஆனால் குளிர் சீக்கிரமே மூட்டையைக் கட்டிவிட்டது. ஸ்வெட்டர் பெட்டியைவிட்டு வெளியே வரவேயில்லை. மார்ச் கடைசியில் மனைவி துணி காயப்போட்டுவிட்டு வந்து, “மொட்டு வீங்குதுங்க, தேனீ வண்டிக்காரருக்கு ஒரு போன் போடுங்க” என்றார். இவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கதவுல போட்டிருக்கு பாரு” என்று சொல்லிவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாலாவது நாள் தோட்டமே பூத்து வெள்ளையாகிவிட்டது. பதறியடித்துப் போன் போட்டார். பெட்டிகளெல்லாம் வேறு தோட்டத்தில் இருந்தன. பதினைந்தாம் தேதி, சொன்ன சொல் தவறாமல் வண்டி வந்து நின்றது. “பூ எங்கண்ணே?” என்று கேட்டார் வண்டிக்காரர். “கால்ல மிதிச்சிட்டு நிக்கிறியே, அதான்” என்றார் இவர்.

நிழல் பக்கத்து ஆறு மரத்தில் மட்டும் கொஞ்சம் பூ மிச்சம். மற்ற மரங்களில் இந்த வருடம் காய் இல்லை.  ஆனாலும் கேட்பவர்களுக்கெல்லாம் தன் கதையைத் தானே சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். “ஏழு வருஷமா தேதி முன்னாடி முன்னாடி வந்துக்கிட்டே இருக்கு. எழுதினது நான்தான். எழுதத் தெரிஞ்ச மடையனுக்குப் படிக்கத் தெரியல. கதவுன்னு சும்மாவா பேர் வச்சாங்க? மரமண்டை.”

“திட்டினது போதும், பெயின்ட் காயுது, இந்த வருஷத் தேதிய எழுதுங்க” என்று கதவருகே டப்பாவை நீட்டினார் மனைவி.

அவர் குனிந்து, கடைசித் தேதிக்குக் கீழே நிறுத்தி நிதானமாக எழுதினார். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தேதி இருக்க வேண்டிய இடத்தில், பெயின்ட் சொட்டு வடிய, ‘மொட்டு வீங்குதுங்க’ என்று இருந்தது.